என் வாயில் இன்னொருத்தி

மார்ச் 4, செவ்வாய்

காலை நிகழ்ச்சியை முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய மேலாளர் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் சதவீதம் பேசுவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் புள்ளிவிவரம். அந்த நேரத்தில் அவர் மாடியை விட்டு இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் இரண்டு கோப்பை தேநீர். அதில் ஒன்று எனக்கு. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அடுத்த மாசத்துலேருந்து காலை நேரத்தை ரெண்டு சின்னப் பசங்களுக்குக் குடுக்குறோம் மேடம். நீங்க மதியம் ரெண்டு மணிக்கு வந்தாப் போதும்."

மதியம் இரண்டு மணிக்கு யார் ரேடியோ கேட்கிறார்கள்? தூங்குகிறவர்கள். குறட்டைக்குப் பின்னணியாக நான்.

ஏன் என்று கேட்டேன். ஆய்வு நடத்தினார்களாம். கேட்பவர்களில் பாதிக்கு மேல் என் குரல் அம்மா பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார்களாம்.

"அம்மா பேசினா என்ன தப்பு?"

"தப்பே இல்ல மேடம். ஆனா காலங்காத்தால அம்மா பேச்சை யாரு கேக்க விரும்புறா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரிய நகைச்சுவை என்று நினைப்பு. நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்? இருபது வருஷத்துக்கு மேல் விடிந்ததும் சிரித்துச் சிரித்து வாய்க்கு அது மட்டும்தான் தெரியும்போல.

மார்ச் 5

வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதையும் நல்ல குரலில்தான் சொன்னேன். சீ.

மார்ச் 7

"கொஞ்ச நாள் சும்மா இரு. அப்புறம் பாக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இது தெளிவா தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்பவர். எதிரே உட்கார்ந்து எரிந்துகொண்டிருக்கிறவள் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. சும்மா இருக்க நான் என்ன அவர் கடை வாசலில் கண்ணாடி மாட்டி வைத்திருக்கும் பொம்மையா?

மார்ச் 31

கடைசி நிகழ்ச்சி. "நாளையிலிருந்து உங்களை வேறு குரல்கள் எழுப்பும். அன்போடு கேளுங்கள்" என்று விடைபெற்றேன். மனசுக்குள் ஓடியது வேறு. அதை எழுதினால் இந்தக் காகிதம் கருகிவிடும்.

என் இடத்துக்கு வருகிற பையனும் பெண்ணும் வெளியே காத்திருந்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க குரல்ல ஒரு தடவைகூட சோர்வே தெரிஞ்சதில்ல மேடம், எப்படி" என்று கேட்டாள்.

எப்படி? அப்பா இறந்த அன்றும் காலை ஆறு மணிக்கு நான் இந்த நாற்காலியில் இருந்தேன். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். அன்றைக்கும் "இனிய காலை வணக்கம்" சொன்னேன். கேட்ட ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைப் பெருமையாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் 2

புது நிகழ்ச்சியைக் கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். மழை வரப்போகிறதாம், அதற்கு ஒரு சிரிப்பு. சாலையில் நெரிசலாம், அதற்கும் ஒரு சிரிப்பு. யாராவது கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டே இருக்கிறார்களா?

ஏப்ரல் 19

தரை துடைக்கும் திரவத்துக்கு விளம்பரம் பேசப் போனேன். போயிருக்கக் கூடாது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று போனேன்.

"பளிச்" என்ற ஒற்றை வார்த்தை. அதை இன்னும் இனிமையாக, இன்னும் ஈரமாக, இன்னும் இளமையாக என்று சொல்லச் சொல்லி உயிரை வாங்கினார்கள். கடைசியில் ஒலிப்பதிவு செய்கிற ஆள் கேட்டான்: "மேடம், இதுக்கு முன்னாடி மைக்ல பேசிப் பழக்கம் இருக்கா?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவனை, அவன் ஒலிக்கூடத்தை, அவன் பளிச்சை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தேன். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஒரு உச்சரிப்புப் பிழை இல்லை.

வெளியே வந்தால் தொப்பி போட்ட ஒருத்தர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அடுத்த பதிவுக்காகக் காத்திருந்த சினிமா இயக்குநராம். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நீங்க திட்டும்போது உங்க முகம் ஒண்ணு சொல்லுது, குரல் ஒண்ணு சொல்லுது. ரெண்டும் சேரவே இல்ல" என்றார். "எனக்கு அந்த முகம் வேணும். படத்துல ஒரு அம்மா வேஷம் இருக்கு. நடிக்கிறீங்களா?"

இங்கேயும் அம்மா. போய்விட்டு வாருங்கள் என்று கையைக் கூப்பினேன். போகவில்லை. என் போன் எண்ணை வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஏப்ரல் 22

மகளிடம் போனில் சொன்னேன். வேலை பார்க்கிற ஊரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறாள். "நடிம்மா. எப்படியும் கோவமாத்தான் இருக்கப் போற. அதை யாராவது படம் எடுத்துட்டுப் போகட்டும்."

பெற்றவளைக் கிண்டல் செய்கிறாள். ஆனால் சம்மதம் சொல்லிவிட்டேன்.

மே 12

முதல் நாள் படப்பிடிப்பு. என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரேடியோவில் கைக்கு என்ன வேலை? கழுத்துக்குக் கீழே நான் என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

அதோடு, பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். இது எனக்கே தெரியாது. "கண்ணைத் தெறங்கம்மா" என்று தொப்பி கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கூட்டமே சிரித்தது.

முகப்பூச்சுக்கு வந்த பெண் என் கண்ணுக்குக் கீழே கருப்பைத் தடவினாள். "அதான் ஏற்கெனவே இருக்கே" என்றேன். "இது பத்தாதுக்கா" என்றாள்.

கதாநாயகனுக்கு மெத்தை வைத்த நாற்காலி. எங்களைப் போன்றவர்களுக்கு பிளாஸ்டிக். நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அந்த பிளாஸ்டிக்கையும் ஒருத்தன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். காலையிலிருந்து மாலை வரை காத்திருந்து ஒரு வாக்கியம் பேசினேன். "சாப்பிட்டுப் போடா." இதற்கா இத்தனை விளக்கு?

ஜூன் 3

இன்று நீதிமன்றக் காட்சி. கதையில் என் மகன் ஒருத்தனைக் காரால் அடித்துப் போட்டுவிட்டு மறைக்கிறான். நான் சாட்சிக் கூண்டில் ஏறி அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டே வாக்கியம். "அவன் என் மகன்தான்." பிறகு, "அவன்தான் பண்ணான்."

"நடுவுல எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கங்க" என்றார் தொப்பி.

ரேடியோவில் மௌனம் என்றால் கோளாறு. மூச்சு விடும் நேரத்துக்கு மேல் சத்தம் நின்றால் மாடியிலிருந்து போன் வரும். நான் வாழ்க்கையில் ஒருநாளும் மைக் முன்னால் பேசாமல் நின்றதில்லை. இன்று நின்றேன். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, எதிரே நின்ற அந்தப் பையனைப் பார்த்தபடி நின்றேன். இத்தனை நாளாக யார் யாரோ தேநீரும் கையுமாக என்னை வெளியே அனுப்பினார்களே, அதெல்லாம் கழுத்து வரை ஏறி வந்தது. பிறகு இரண்டாவது வாக்கியம்.

நீதிபதி வேஷம் போட்டிருந்த பெரியவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் பேர்போனவர். அவரே விழித்துக்கொண்டார்.

திரும்பவும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அதற்கும் கோபம் வரவில்லை.

ஜூலை 15

ஒலிச்சேர்க்கைக்கு எப்போது வரவேண்டும் என்று தொப்பியின் உதவியாளரிடம் கேட்டேன். படத்தைப் போட்டுக் காட்டுவார்கள், உதட்டசைவுக்கு ஏற்ப மறுபடி பேச வேண்டும், அவ்வளவுதானே. இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் ஏது? "தேவைப்பட்டா கூப்பிடுறோம்மா" என்றான்.

செப்டம்பர் 26

என்னால் எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வெளியீட்டுக்கு முன்னால் நடித்தவர்களுக்கு மட்டும் படத்தைப் போட்டார்கள். தனியாகத்தான் போனேன். முதல் காட்சியில் நான் கதவைத் திறக்கிறேன். வாயைத் திறக்கிறேன். உள்ளேயிருந்து வேறு எவளோ பேசுகிறாள்.

என் உதடு. என் பல். என் வாய். குரல் அவளுடையது. யாரு அவ? யாரைக் கேட்டு? ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கரகரவென்று, புகை பிடித்துப்போன மாதிரி ஒரு குரல். சாட்சிக் கூண்டில் நான் நிற்கிறேன். "அவன்தான் பண்ணான்" என்று அவள் சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

முதுகில் குத்தினால்கூடத் திரும்பிப் பார்க்கலாம். இவர்கள் வாய்க்குள்ளேயே கையை விட்டு எடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 27

படத்தொகுப்பு நடக்கும் அறைக்கே போனேன். தொப்பி தொப்பி இல்லாமல் இருந்தார். வழுக்கை.

"என் குரலுக்கு என்ன குறை?"

"குறை இல்லம்மா. அதான் பிரச்சனை. ஊர்ல எல்லாரும் உங்க குரலைக் கேட்டுத்தான் பல்லு வெளக்கியிருக்காங்க. அந்தக் குரல் கூண்டுல ஏறினா தியேட்டர்ல பாதிப் பேரு மணி பாப்பான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

இந்தப் பதிலை எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மாட்டேன் என்று சொல்வாள், அதனால் கேட்க வேண்டாம். அடேயப்பா, என்ன மரியாதை. அங்கே என் குரலுக்கு வயதாகிவிட்டது. இங்கே என் குரல் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆக மொத்தம் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஊமையாக்கியாயிற்று.

அக்டோபர் 11

படம் ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. பத்திரிகையில் விமர்சனம். "தாயாக வரும் புதுமுகத்தின் குரல் உடையும் அந்த ஒரு நொடிக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்."

குரலாம்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். சந்திக்கிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்கிறேன். திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 13

மகள்: "படம் பாத்தேன்மா. அழுதுட்டேன். உனக்கென்ன, அப்போ சளியா? குரல் மாறி இருந்துச்சு."

விஷயத்தைச் சொன்னேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். நான் முடிக்கும் வரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "அம்மா, தப்பா எடுத்துக்காத. இப்பகூட நீ வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரிதான் இருக்கு. சின்ன வயசுல நீ என்னைத் திட்டுறியா கொஞ்சுறியான்னே எனக்குத் தெரியாது. உன் முகத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிப்பேன். போன்ல இன்னும் கஷ்டம்."

போனை வைத்துவிட்டேன். எல்லாருக்கும் என் குரலைக் குறை சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் 20

அவளைத் தேடிப்பிடித்துவிட்டேன். குரல்காரியை.

ஒலிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவு. கழுத்தில் துண்டு, பக்கத்தில் வெந்நீர்க் குடுவை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்கதானா? வாங்க. எல்லாரும் உங்களைப் பாராட்டுறாங்களாமே. நல்லா இருக்கா?"

"என் வேலையை நீங்க செஞ்சிட்டு என்னையே நக்கல் பண்றீங்களா?"

"உங்க வேலையா? உங்க பேரு திரையில வந்துச்சு. என் பேரு எங்க வந்துச்சு, சொல்லுங்க பாப்போம். நான் பேசினதுக்கு உங்களுக்குக் கைதட்டு. நியாயமா பாத்தா நான்தான் உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு சண்டை போடணும்."

"அப்போ ஏன் பேசினீங்க?"

"கூப்பிட்டாங்க, பேசினேன். நான் பேசலைன்னா இன்னொருத்தி பேசுவா. நீங்க நடிக்கலைன்னா இன்னொருத்தி நடிப்பா. அப்புறம் என்ன?" டப்பாவை மூடினாள். "எனக்கும் வயித்தெரிச்சல் இருக்குங்க. ஆனா உங்கள மாதிரி டாக்ஸி புடிச்சு வந்து எரியறதுக்கு நேரமில்ல."

முறைத்துக்கொண்டு நின்றோம். இருவரும் பறிகொடுத்தவர்கள். எடுத்தவன் அங்கே இல்லை. அவளை உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அந்தக் கதவுக்குப் பின்னால் இன்று யார் வாயோ.

நவம்பர் 8

ஒரு தயாரிப்பாளர் வீட்டுக்கே வந்தார். பெரிய படம், முக்கியமான அம்மா. எல்லாம் பேசி முடித்தபின், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொல்கிறார்: "குரல் மட்டும் போன படத்துல குடுத்தவங்களையே வெச்சுக்கலாம். மக்களுக்கு இப்ப உங்க குரல்னா அதுதான்."

மக்களுக்கு என் குரல் அதுதான். என் குரல் அதுதான். எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலும் புரியவில்லை.

"ஒண்ணு, நானே பேசுவேன். இல்லன்னா அவங்க பேரையும் திரையில போடணும்" என்றேன்.

"பேரு போட்டா நீங்க பேசலைன்னு தெரிஞ்சிடுமே."

"தெரியட்டும்."

செருப்பு மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேஷம் போயிற்று. வீட்டுக்காரர், "கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்" என்றார். நான் திரும்பிப் பார்த்ததும் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நவம்பர் 14

குரல்காரி போன் செய்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன் — எனக்கும் ஒரு நினைப்பு.

"என் பேரை எதுக்குங்க இழுத்தீங்க? இப்போ நான்தான் உங்களைத் தூண்டிவிட்டேன்னு பேச்சு. பேரு கேக்குறவ, பிரச்சனை பண்றவ. அந்தப் படம் எனக்கும் போச்சு. நான் உங்ககிட்ட வந்து கேட்டேனா?"

கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் செய்கிறவர்களைப் பற்றி இந்த நோட்டில் பக்கம் பக்கமாகத் திட்டியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். பிறகு நான்கு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள். நானாக இருந்தாலும் எடுக்கமாட்டேன்.

பிப்ரவரி 9

அதற்குப் பிறகு கிடைத்த வேஷங்களைக் கணக்குப் பார்க்கிறேன். கதவைத் திறந்து "யாரு வேணும்" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரி. மருத்துவமனையில் அழுகிற கூட்டத்தில் மூன்றாமவள். இந்த வாரம், இறந்துபோன தாயார் — சுவரில் தொங்குகிற புகைப்படம் மட்டும். குரல் பிரச்சினை இல்லாத வேஷம். யாருக்கும் சங்கடமில்லை.

ஏப்ரல் 17

என் மகள் வயதில் ஒரு பெண். முதல் படம் இயக்கப் போகிறாளாம். கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "எனக்கு உங்க குரல்தான் வேணும். ஆனா ரேடியோ குரல் வேண்டாம்."

"எங்கிட்ட ஒண்ணுதாம்மா இருக்கு. கடையில இன்னொண்ணு கிடைக்குமான்னு பாத்துட்டு வரவா?"

அவள் சிரிக்கவில்லை. "பாப்போம்" என்றாள். திமிர் பிடித்தவள்.

கதை: தம்பியை வளர்த்து ஆளாக்கிய அக்கா. அவளுக்குத் தெரியாமல் வீட்டை விற்றுவிடுகிறான். சாமான்கள் வாசலில் கிடக்கும்போது அவள் அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். "நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா."

படித்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இவளுக்கு யார் சொன்னார்கள்?

ஜூன் 30

படப்பிடிப்பு முடிந்தது. வாசல் காட்சியில் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. லாரிச் சத்தத்தில் பேசியது எதுவும் தேறாது, ஒலிக்கூடத்தில் திரும்பப் பேச வேண்டும். கைகள் இப்போது அவை பாட்டுக்கு இருக்கின்றன. எப்போது சரியாயிற்று என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5

ஒலிச்சேர்க்கை, முதல் நாள்.

திரையில் என் முகம். தலை கலைந்து, கண் சிவந்து, தாடை கோணி. இவ்வளவு கோபமான ஒரு முகத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். பேசினேன்.

"ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்றார் ஒலிப்பதிவாளர்.

போட்டுக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. இஸ்திரி போட்டு மடித்து வைத்த குரல். அந்த முகத்துக்குப் பக்கத்தில் நின்று யாரோ செய்தி வாசிக்கிறார்கள். மறுபடி பேசினேன். மறுபடி இஸ்திரி. சோகத்தைச் சேர்த்தேன். சோகமான இஸ்திரி. ஒரு வாக்கியத்துக்கு ஒரு பகல் போனது.

புள்ளிவிவரம், தொப்பி, மகள் — எல்லாரும் சொன்னது சரிதானா? சரியாக இருந்துவிட்டால் நான் இத்தனை நாள் யார் மேல் கோபப்பட்டேன்?

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் "என்னால முடியல" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். அதற்கும் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 6

காலையிலும் அதே கதை. மதியத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். என் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும் சொல்லுங்க. வேற யாரையாவது பேச வெச்சுப் பாக்கலாமா?"

கேட்டுவிட்டாள். என்னைக் கேட்டுவிட்டாள். இத்தனை பேரில் முதல் ஆள். சரி என்றால் எழுந்து போகலாம், மாட்டேன் என்றால் இருக்கலாம், இரண்டுமே என் கையில். எதற்கென்று தெரியவில்லை, அப்படியே பொங்கிவிட்டது. அழுகை இல்லை. அந்தப் பிள்ளை மேலே கோபமும் இல்லை. இதை ரேடியோவில் ஒருத்தன் கேட்டிருக்கலாமே, தொப்பி கேட்டிருக்கலாமே. ஏன், அப்பா போன அன்னிக்கு நான் என்னையே கேட்டிருக்கலாமே, இன்னிக்கு உனக்குப் பேச முடியுமான்னு?

"வேண்டாம். இன்னும் ஒரு தடவை" என்றேன்.

அவள் போனதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றேன். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றினேன். என் குரல் என் காதில் விழாமல் நான் மைக்கில் பேசியதே கிடையாது. பேசும்போதே கேட்டு, கேட்கும்போதே திருத்தி, பிசிறை வெட்டி, கோணலை நிமிர்த்தி — தினமும் காலையில் அதைத்தான் செய்திருக்கிறேன். இப்போது காதில் ஒன்றுமில்லை. எதிரே அந்த முகம் மட்டும். அதன் உதடு பிரிந்தது.

என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. முதல் வார்த்தை பாதி உள்ளேயே நின்றுவிட்டது. "குடுத்திருப்பேன்" இரண்டாக உடைந்தது. கடைசி "டா"வில் சத்தமே இல்லை, காற்றுதான்.

ஒலிப்பதிவாளர், "மேடம், மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டீங்க, இன்னொரு தடவை" என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம்" என்றாள் அந்தப் பெண்.

போட்டுக் காட்டச் சொன்னேன். கேட்டேன். யாரென்றே தெரியாத ஒரு கிழவி. அசிங்கமான குரல். இவளை இத்தனை வருஷம் எங்கே பூட்டி வைத்திருந்தேன்?

மீதி வசனங்களையும் அப்படியே பேசி முடித்தேன். வீட்டுக்காரர் கேட்டார்: "முடிஞ்சுதா?" "முடிஞ்சுது." அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 2

மாதக் கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த போன் இந்த வாரம் நிற்கவில்லை. படம் வெளியாகி மூன்றாம் நாள். தொப்பி பேசினார். "யாருங்க உங்களுக்குப் பேசினது? நம்பர் குடுங்க" என்றார். யோசித்துவிட்டுக் குரல்காரியின் எண்ணைக் கொடுத்தேன்; போன தடவை அவளை அமர்த்தியது உதவியாளன், எண் இவருக்குத் தெரியாது. வேலைக்கு அவளைக் கூப்பிடட்டும். பேசியது நான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

நவம்பர் 8, ஞாயிறு

வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். பகல் காட்சிக்கு இருவரும் போனோம். பாதி அரங்குதான் நிறைந்திருந்தது. வாசல் காட்சி வந்தபோது அவர் கையை நாற்காலிப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் எழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார்.

வெளியே நல்ல வெயில். வண்டியை நிறுத்தத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவர், அதைக் கிளப்பாமல் நின்றார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"பாவிங்க, இந்தத் தடவையும் உன்னைப் பேச விடல பாரு." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "ஆனா யாரும்மா அது? கடைசியில அவ சொன்னா பாரு, எனக்குத் தொண்டையை அடைச்சிடுச்சு."

முப்பது வருஷமாக ஒரே வீட்டில் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனுஷன். எனக்குக் கோபம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வழக்கமாக அதற்கு இவ்வளவு நேரம் ஆகாது.

"எனக்கும்தான்" என்றேன்.

பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரைக்கும் அவர் அந்தக் குரலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.